கல்லீரல் வைரஸுக்கு மாத்திரை ஆரம்பித்த நாலாவது வாரம் அப்பாவுக்கு லோ சுகர். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மதுரையில் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 11 வருடமாகச் சுகர். காலையில் கிளிமிபிரைடு, இரண்டு வேளை மெட்ஃபார்மின், போன வருடத்திலிருந்து ராத்திரி 18 யூனிட் இன்சுலின். என்ன செய்தும் மூன்று மாத சராசரி 9க்குக் கீழே வரவே இல்லை. இனிப்பைத் தொடாத மனுஷன், டீ கூடச் சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் பார்த்தபோது ஹெபடைட்டிஸ் சி இருக்கிறது என்று தெரிந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அம்மாதான் ஞாபகப்படுத்தினார், 1991ல் லாரி மோதிக் கால் உடைந்தபோது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கிற ஸ்கேன்) எடுத்ததில் 9.8 வந்தது, கல்லீரல் இன்னும் சுருங்கவில்லை, ஆனால் தழும்பு நிறைய இருக்கிறது என்றார்கள். அரசுத் திட்டத்தில் சொஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் இரண்டும் இலவசமாகக் கொடுத்தார்கள், 84 நாள் சாப்பிட வேண்டும்.

போன வியாழன் விடியற்காலை 4 மணிக்கு அம்மா கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், பனியன் பிழிந்தால் தண்ணீர் வரும் போல நனைந்திருக்கிறது, என்னைப் பார்த்து "ஷிப்டுக்கு நேரமாச்சு, டோக்கனை எங்கடா வச்ச" என்கிறார். மில்லை மூடியே பல வருடம் ஆகிறது. பக்கவாதமோ என்று பயந்துவிட்டேன். அம்மாவுக்கு ஏதோ தோன்றி மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தார். 47. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தோம், பாதி நெஞ்சில் கொட்டியது. 20 நிமிடத்தில் 88க்கு வந்தது. "ஏன் எல்லாரும் முழிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று அவரே கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி இட்லி வழக்கம்போலத்தான் சாப்பிட்டிருந்தார். மாத்திரையில் மாற்றம் இல்லை, ஊசியில் மாற்றம் இல்லை. புதிதாகச் சேர்ந்தது அந்த வைரஸ் மாத்திரை மட்டும்தான், அன்றைக்கு 26வது நாள். கல்லீரல் டாக்டரிடம் போன் செய்தால் சுகர் டாக்டரைப் பாருங்கள் என்கிறார்கள். சுகர் டாக்டரிடம் போனால் அந்தப் புது மாத்திரையால் இருக்கலாம், அங்கே கேளுங்கள் என்கிறார்கள். இங்கே யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழைய_மருந்துக்கடை:
தம்பி, முதலில் ஒன்று. வைரஸ் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தப்போவதாக நீங்கள் எழுதவில்லைதான், ஆனால் இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் செய்கிற தப்பு அதுதான். குறைக்க வேண்டியது சுகர் மருந்து. அதையும் நீங்களாகச் செய்யாமல் நாளைக்கே சுகர் டாக்டரிடம் போய், 47 வந்தது என்று மெஷினிலேயே காட்டுங்கள். வாயால் சொன்னால் "சாப்பிடாமல் படுத்திருப்பார்" என்று அனுப்பிவிடுவார்கள்.

30 வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். அந்த டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை யாரும் பிரிப்பதில்லை, பிரித்தால் பூதக்கண்ணாடி வேண்டும். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018லேயே பரிசீலித்து இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றிலும் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லிவிட்டது: சுகர் உள்ளவர் இதை ஆரம்பித்தால் சர்க்கரை இறங்கலாம், அறிகுறி தெரியும் அளவுக்குக்கூட இறங்கலாம், முதல் 3 மாதம் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், சுகர் மருந்தைக் குறைக்க வேண்டி வரலாம். அப்பாவுக்கு நடந்தது அப்படியே இதுதான்.

உங்கள் அப்பா சாப்பிடுவதில் மெட்ஃபார்மின் தனியாக லோ சுகர் கொண்டுவருவது அபூர்வம். கிளிமிபிரைடும் இன்சுலினும்தான் இறக்கிவிடும். அதுவும் கல்லீரல் பழுதான ஆளுக்குக் கிளிமிபிரைடு சீக்கிரம் வெளியேறாது, இறங்கினால் திரும்பத் திரும்ப இறங்கும். 88 வந்துவிட்டது என்று அப்படியே படுக்க வைத்திருந்தால் அது தப்பு. மேலே இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்திருக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. அந்தக் காகிதத்தை இப்போதுதான் தேடி எடுத்தேன். அம்மா அதை ரேஷன் அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தார். நீங்கள் சொன்ன வரி இருக்கிறது. கடுகு சைஸ் எழுத்து.

சந்தேகப்பேர்வழி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரு வாரத்துக்குள் இந்த இழையை யாராவது "வைரஸை விரட்டினால் சுகர் குணமாகும்" என்று வாட்ஸாப்பில் போடப்போகிறார்கள், அதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

நம் நாட்டில் 2023ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குப்படி 10 கோடிக்கும் மேல் சுகர்காரர்கள், பெரியவர்களில் 11.4 சதவீதம். இவ்வளவு பேருக்குச் சுகர் இருக்கிற இடத்தில் எந்த நோயை எடுத்தாலும் அதோடு சுகர் சேர்ந்தேதான் இருக்கும். அதனால் சம்பந்தம் வந்துவிடுமா?

இரவுப்பணி:
கேள்வி நியாயம்தான். ட்யூட்டிக்கு நடுவில் எழுதுகிறேன், கோர்வையாக வராது.

இந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989ல்தான். 1994ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் கல்லீரல் சுருங்கிய நோயாளிகளைப் பார்க்கும்போது, வேறு காரணத்தால் சுருங்கியவர்களைவிட சி வைரஸால் சுருங்கியவர்களிடம் சுகர் கூடுதலாக இருப்பதைக் கவனித்தார்கள். கல்லீரல் கெட்டாலே சுகர் வரும் என்பது பழைய செய்தி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கெட்டிருக்கும்போது சி காரர்களுக்கு மட்டும் ஏன் அதிகம் என்பதுதான் புதுக் கேள்வி. 2000ல் அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை வைத்து ஒரு ஆய்வு வந்தது, 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் சி உள்ளவர்களுக்கு இரண்டாம் வகைச் சுகர் 3 மடங்குக்கும் மேல்.

எப்படி என்றால், வைகைக்கரை, உங்கள் அப்பா வேலை பார்த்த மில்லையே வைத்துக்கொள்வோம். இன்சுலின் என்பது ஆபீசிலிருந்து வருகிற சீட்டு. சீட்டு வாசல்வரை வருகிறது, அதை வாங்கி உள்ளே கொண்டுபோய் மிஷினை ஓட்டச் சொல்வது மேஸ்திரி வேலை. சி வைரஸின் புரதம் கல்லீரல் செல்லுக்குள் அந்த மேஸ்திரியைக் காலி செய்கிறது. சீட்டு வந்து குவிகிறது, வேலை நடக்கவில்லை. ஆபீசோ இன்னும் சீட்டு, இன்னும் சீட்டு என்று அனுப்புகிறது, அதாவது கணையம் இரட்டிப்பாக இன்சுலின் சுரக்கிறது, கடைசியில் களைத்துப்போகிறது. இன்சுலின் பேச்சைக் கேட்காத கல்லீரல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கூடவே உடம்பில் அழற்சி. இந்தியாவில் அதிகம் இருப்பது சி வைரஸின் 3ஆம் ரகம், அது கல்லீரலில் நேரடியாகக் கொழுப்பையும் சேர்க்கும்.

இப்போது மாத்திரை போட்டதும் சில வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் இல்லாமலே போகிறது. மேஸ்திரி திரும்பி வந்துவிட்டார். வெளியிலிருந்து போடுகிற 18 யூனிட் மட்டும் பழைய கணக்கிலேயே போகிறது. விடியற்காலை 47.

வார்டில் கூப்பிடுகிறார்கள்.

சந்தேகப்பேர்வழி:
மேஸ்திரி உவமை நன்றாக இருக்கிறது டாக்டர். ஆனால் அதே அமெரிக்கக் கணக்கெடுப்பின் 1999 முதல் 2010 வரையான எண்களை எடுத்து 2014ல் மறுபடி பார்த்தபோது அந்தச் சம்பந்தம் தெரியவில்லையே, அதையும் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் குணமான பிறகு எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு நான் படித்ததில் நல்லது, 2017ல் வந்த அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் பற்றியது. சுகரும் சியும் சேர்ந்து இருந்த 2,400 பேருக்கும் மேல். ஆரம்பத்திலேயே சராசரி அதிகமாக இருந்தவர்களை மட்டும் எடுத்தால், வைரஸ் ஒழிந்தவர்களுக்கு எச்பிஏ1சி, அதாவது அந்த மூன்று மாத சராசரி, 0.98 இறங்கியது. ஆகா என்று தோன்றும். ஆனால் வைரஸ் ஒழியாமல் மருந்து தோற்றுப்போனவர்களுக்கும் 0.65 இறங்கியிருக்கிறது! அடிக்கடி ஆஸ்பத்திரி, பத்தியம், கவனிப்பு, இதிலேயே பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வைரஸ் போனதால் வந்த லாபம் ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான். குணமானவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் 41.3 சதவீதத்திலிருந்து 38 ஆனார்கள். இதற்குப் பெயர் சுகர் குணமாவதா?

இரவுப்பணி:
இல்லைதான். நானும் அப்படிச் சொல்லவில்லை. 2014 ஆய்வும் உண்மை. ஆனால் சராசரி என்பது சராசரி. ஒருவருக்கு ஒன்றுமே இறங்காது, இன்னொருவருக்கு 3 இறங்கும், அந்த இன்னொருவர்தான் விடியற்காலையில் டோக்கன் தேடுகிறார். சுகர் குணமாகும் என்று நம்பி மருந்தை நிறுத்துவதும் தப்பு, ஒன்றும் இறங்காது என்று பழைய டோஸையே போடுவதும் தப்பு. மாத்திரை ஆரம்பித்த அன்றைக்கே, குறைந்தது மூன்று மாதத்துக்கு, காலையிலும் ராத்திரி படுக்கும் முன்பும் குத்திப் பார்க்கச் சொல்லி இருக்க வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

லேப்_அக்கா:
நான் லேப் டெக்னீசியன். மேலே எல்லாரும் எச்பிஏ1சி எச்பிஏ1சி என்கிறீர்கள். கல்லீரல் நோயாளிக்கு அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும் என்ற கணக்கில்தான் அது மூன்று மாத சராசரி. கல்லீரல் சுருங்கி மண்ணீரல் வீங்கியவர்களுக்குச் சிவப்பணு சீக்கிரம் உடைந்துவிடும், சர்க்கரை ஒட்டுவதற்கு நேரமே இருக்காது, ரிப்போர்ட்டில் 5.9 என்று அழகாக வரும். ஆளுக்குச் சாப்பிட்ட பிறகு 290 இருக்கும். கூட ரிபாவிரின் மாத்திரையும் கொடுத்திருந்தால் இன்னும் மோசம், அதுவே சிவப்பணுவை உடைக்கும்.

இன்னொன்று, கல்லீரல் கெட்டு வருகிற சுகருக்கு வெறும் வயிற்று ரிப்போர்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சாப்பிட்டதும் வருகிற சர்க்கரையைப் பிடித்து வைக்க வேண்டிய கல்லீரல் பிடிக்காமல் விட்டுவிடுகிறது, ரத்தமும் பாதி கல்லீரலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் பிடிபடும். எங்கள் லேபுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு, டிபன் சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குச் சோம்பல்பட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். திட்டினாலும் கேட்பதில்லை.

மூலிகைமுற்றம்:
இவ்வளவு கெமிக்கல் எதற்கு? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து 48 நாள் குடித்தால் வைரஸும் போகும் சர்க்கரையும் இறங்கும். எங்கள் தாத்தா காமாலைக்கு எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்.

பழைய_மருந்துக்கடை:
தாத்தா மேல் மரியாதை உண்டு ஐயா, கீழாநெல்லி மேலும் உண்டு. நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே தியாகராஜன் குழுவினர் செய்து 1988ல் லான்செட்டில் வந்தது, பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பெர்க்கும் அதில் ஒருவர். 30 நாள் கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி வைரஸின் அடையாளம் மறைந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். அந்தச் சமயத்தில் கடையில் கீழாநெல்லி மாத்திரை கேட்டு வரிசை நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதுவும் அது பி வைரஸ் ஐயா. இவர் அப்பாவுக்கு இருப்பது சி. பேர்தான் அக்கா தங்கை மாதிரி, இரண்டும் வேறு வேறு குடும்பம். திடீரென்று வந்து தானாகப் போகிற காமாலையும் வேறு, 30 வருடம் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிற இதுவும் வேறு.

12 வாரத்தில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாக்குகிற மாத்திரை கையில் இருக்கிறது. 2013 கடைசியில் அமெரிக்காவில் சொஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், ஒரு கோர்ஸ் 84,000 டாலர். 2015ல் இந்தியக் கம்பெனிகள் செய்ய ஆரம்பித்ததும் 28 மாத்திரை டப்பா ஏறக்குறைய 20,000 ரூபாய்க்கு வந்தது, அதையே நகையை அடகு வைத்து வாங்கிப் போனார்கள். 2018 ஜூலையிலிருந்து தேசியத் திட்டத்தில் சும்மா கொடுக்கிறார்கள். மோரைத் தனியாகக் குடிக்கட்டும்.

பி_பாசிட்டிவ்:
என் பெயர் ரத்த வகை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் 🙂 எனக்கு ஹெபடைட்டிஸ் பி, வயது 41, டெனோஃபோவிர் 6 வருடமாக. சமீபத்தில் வெறும் வயிற்றில் 118. எனக்கும் இந்த வைரஸ்தான் காரணமா? இதையும் ஒழித்தால் இறங்குமா?

இரவுப்பணி:
பி விஷயத்தில் சான்று அவ்வளவு திடமாக இல்லை. சி போல நேராகச் சுகரைக் கிளப்பிவிடுகிறது என்று சொல்ல முடியாது. உங்கள் 118க்கு இடுப்புச் சுற்றளவு, அப்பா அம்மாவின் சுகர், இவற்றைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஆனால் பியோடு சுகரும் சேர்ந்தால் கல்லீரல் சுருங்குவதும் கல்லீரல் புற்றும் வருகிற வாய்ப்பு கூடுகிறது, அதனால் 118ஐ சும்மா விடாதீர்கள். டெனோஃபோவிர் பியை அடக்கித்தான் வைக்கும், பெரும்பாலும் துடைத்து எடுக்காது, டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.

வைகைக்கரை, உங்களுக்கும் ஒன்று. சி மாத்திரை ஆரம்பிக்கும் முன் அப்பாவுக்குப் பி பார்த்தார்களா என்று சீட்டில் பாருங்கள். சி ஒடுங்கும்போது உறங்கிக்கொண்டிருந்த பி எழுந்துவிடுவது உண்டு, 2016ல் அமெரிக்காவில் இதற்குக் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

லேப்_அக்கா:
வீட்டில் எத்தனை சுகர்காரர்கள்? ஒரே மெஷினா? மெஷின் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம், குத்துகிற பேனாவும் ஊசியும் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், பேனா முனையிலும் ரத்தம் படும். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் சுகர் பார்க்கிற பேனாவைப் பொதுவில் வைத்தே பி வைரஸ் பல தடவை பரவியிருக்கிறது. 60 வயதுக்கு உட்பட்ட சுகர்காரர்கள் எல்லாரும் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2011ல் அங்கே சொன்னதே இதனால்தான். சி வைரஸுக்குத் தடுப்பூசியே கிடையாது.

வைகைக்கரை:
அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கும் சுகர். இருவருக்கும் ஒரே பேனாதான், 8 வருடமாக. தேங்காய் எண்ணெய் பாட்டில் பக்கத்தில் டம்ளரில் போட்டு வைத்திருப்பார்கள்.

நாளை அம்மாவைக் கூட்டிப்போகிறேன்.

வைகைக்கரை (9 நாள் கழித்து):
அம்மாவுக்கு சியும் இல்லை, பியும் இல்லை. தடுப்பூசி முதல் டோஸ் போட்டாயிற்று. அப்பாவின் சீட்டிலும் பி நெகட்டிவ் என்று இருக்கிறது, யாரோ கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.

சுகர் டாக்டர் மெஷினில் எண்களைப் பார்த்ததும் கிளிமிபிரைடை அடியோடு நிறுத்தினார், இன்சுலினை 10 ஆக்கினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது, கல்லீரல் இந்த நிலையில் இருக்கும்வரை அதில் பயமில்லையாம். இப்போது வெறும் வயிற்றில் 110க்கும் 130க்கும் நடுவில். இதில் ஒரு கூத்து, கிளிமிபிரைடை நிறுத்திய மூன்றாம் நாள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவம் அக்கா பழைய சீட்டைப் பார்த்து ஒரு மாதத்துக்குக் கிளிமிபிரைடு கொடுத்துவிட்டுப் போய்விட்டார், அப்பாவும் "அரசாங்கமே கொடுத்துவிட்டது" என்று ஒன்றைப் போட்டுவிட்டார். அன்றைக்கு மதியம் 61. அவர் மேல் தப்பில்லை, சீட்டு அப்படி. அப்பாவிடம் கல்லீரலுக்கு ஒரு நோட்டு, சுகருக்கு ஒரு நோட்டு. ஒன்றில் எழுதியது மற்றதில் இல்லை. செவ்வாய் ஒன்றை எடுத்துப் போவார், வெள்ளி மற்றதை. இப்போது சுகர் நோட்டின் முதல் பக்கத்தில் வைரஸ் மாத்திரை பெயரையும், கல்லீரல் நோட்டில் இன்சுலின் அளவையும் நானே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

சந்தேகப்பேர்வழி:
நல்லது. ஆறு மாதம் கழித்து எண்களை இங்கே போடுங்கள். வாய்க்கசப்பு போய், உடம்பு தேறி, நாலு கிலோ ஏறினால் சுகரும் பின்னாலேயே ஏறும், அதைப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை (ஏழு மாதம் கழித்து):
இழையைத் தூசு தட்டுகிறேன். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்துப் பார்த்ததில் வைரஸ் இல்லை. சந்தேகப்பேர்வழி சார், உங்கள் வாய் முகூர்த்தம், 5 கிலோ ஏறிவிட்டார். இன்சுலின் 10லிருந்து 6க்கு வந்து இப்போது மறுபடி 12. மூன்று மாத சராசரி 7.4. அதை அக்கா சொன்ன மாதிரி சாப்பிட்ட பிறகு எண்களோடு வைத்துத்தான் பார்க்கிறோம். கல்லீரலுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், வைரஸ் போனாலும் தழும்பும் சுகரும் இருப்பதால்.

இப்போது புதுத் தலைவலி. கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள், எச்சிவி (அதே சி வைரஸ்) பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. அப்பா இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். திரும்ப வந்துவிட்டதா? சுகர் ஏறியதும் அதனால்தானா?

லேப்_அக்கா:
அவர்கள் பார்த்தது ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய புரதம். வைரஸ் போன பிறகும் அது வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும், எத்தனை தடவை பார்த்தாலும் பாசிட்டிவ்தான் காட்டும். வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது ஆர்என்ஏ டெஸ்ட், அந்த 12 வார ரிப்போர்ட் அதுதான். அதை நாலு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் கண் டாக்டரிடம் கொடுங்கள். அதற்கும் அவர் தயங்கினால் புதிதாக ஒரு ஆர்என்ஏ எடுத்துக் காட்டிவிடலாம். சுகர் ஏறியது அந்த 5 கிலோவால் இருக்கும். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஊசி எவ்வளவு என்று மறக்காமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
சரி அக்கா. ஜெராக்ஸ் கடை திறந்ததும் போகிறேன்.